லாரியில் ஏறாத குழி

ஓலைக்குளத்து ஆட்களை முட்டாள்கள் என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்கே போவேன். சொன்ன சொல்லை இம்மி பிசகாமல் செய்கிறவர்களை நீங்கள் வேறு எந்த ஊரில் பார்த்திருக்கிறீர்கள்?

அந்த ஊருக்கு ரெடிமேட் வீடு செய்யும் ஷெட் ஒன்று வந்தது. சுவர், கூரை, ஜன்னல் எல்லாவற்றையும் அங்கேயே சேர்த்து முழு வீடாக்கி, லாரியில் கொண்டுபோய், மனையில் கிரேனால் இறக்கிவிடுவார்கள். மேஸ்திரி வெயிலுகந்தான், வெல்டர் கொம்பையா, கிரேன் ஓட்டும் மாடக்கண்ணு, இந்த மூன்று பேர்தான் அங்கே எல்லாம். வேலை கற்றுக்கொடுக்க வந்த எஞ்சினியர் அம்மா ஊருக்குக் கிளம்பும்போது ஒன்றே ஒன்று சொன்னார்.

"எல்லா வேலையும் ஷெட்லயே முடிஞ்சிடணும். சைட்ல ஒரு வேலைகூட பாக்கி இருக்கக் கூடாது."

முதல் ஆர்டர் செண்பகவடிவு டீச்சருடையது. பாவம், அவர் குடியிருக்கும் வாடகை வீட்டை வீட்டுக்காரர் இடிக்கப்போகிறார். புரட்டாசிக்குள் காலி பண்ண வேண்டும். புரட்டாசியிலோ பால் காய்ச்ச மாட்டார்கள். ஆவணி கடைசி முகூர்த்தத்தை விட்டால் டீச்சர் சட்டி பானையோடு தெருவில்தான் நிற்க வேண்டும்.

வெயிலுகந்தான் மறுநாளே ஷெட்டுத் தரையை உடைத்து அஸ்திவாரக் குழி தோண்டினார். மனையில் தோண்டினால் அது சைட் வேலையாகிவிடுமே. குழிக்குப் பக்கத்தில் அஸ்திவாரத்தைத் தனியாக வார்த்தார்கள், வீடும் ஜோராக எழும்பியது. லாரி வந்து நின்ற பிறகுதான் மாடக்கண்ணுவுக்குச் சந்தேகம் வந்தது.

"அண்ணாச்சி, வீட்டைத் தூக்கிரலாம். குழியை எப்படித் தூக்குறது?"

"வீட்டைவிடக் குழி லேசுதானல. உள்ள ஒண்ணுமே இல்லையே."

"லேசுதான். கொக்கி மாட்ட இடமில்லையே."

கொம்பையா குழியின் ஓரத்தில் இரும்பு வளையம் பற்றவைத்துப் பார்த்தான். மண்ணில் பிடிக்கவில்லை. சுற்றிலும் வெட்டி எடுக்கப் பார்த்தார்கள். வெட்ட வெட்டக் குழி பெரிதாகிக்கொண்டே போனது. இப்படியே போனால் லாரியில் இடம் பற்றாது என்று வெயிலுகந்தான் நிறுத்திவிட்டார்.

டீச்சர் வந்து விசாரித்தார்.

"வீடு எப்பவோ ரெடி டீச்சர்," என்றார் வெயிலுகந்தான். "உங்க குழிதான் கிளம்ப மாட்டேங்குது."

டீச்சர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். அவர் முகத்தைப் பார்த்து கொம்பையாவுக்கு மனசு கேட்கவில்லை. யோசித்து ஒரு வழி சொன்னான்.

"குழி மனைக்குப் போகாட்டி, மனையை இங்க கொண்டாந்துருவோம்."

"மனையில மண் வெட்டினா அது சைட் வேலையில்லையா?"

"அது வேலை இல்ல அண்ணாச்சி. லோடு ஏத்துறது."

இது நியாயமாகப் பட்டது. டீச்சர் மனையின் மண்ணை லாரி லாரியாக அள்ளிவந்து ஷெட்டுக் குழியில் கொட்டினார்கள். குழி மூடி, தரை சமமாகிவிட்டது. அடுத்த லோடு எடுக்கப்போன மாடக்கண்ணு ஓடிவந்தான்.

"அண்ணாச்சி, குழி மனையில கிடக்கு."

மூவரும் போய்ப் பார்த்தார்கள். அதே நீளம், அதே ஆழம். திரும்பி வந்து ஷெட்டைப் பார்த்தார்கள். இங்கே குழியைக் காணோம்.

"நம்ம அசந்த நேரத்துல அதுவாப் போயிருக்கு," என்றார் வெயிலுகந்தான். அதற்குமேல் யாரும் அதைக் கிளறவில்லை.

ஆவணி கடைசி முகூர்த்தம். டீச்சர் சொந்தபந்தங்களோடு பால் பானையைச் சுமந்து வந்து மனையில் நின்றார். ஷெட்டில் வார்த்திருந்த அஸ்திவாரம் முதலில் குழிக்குள் இறங்கியது. அதன்மேல் வீடு அலுங்காமல் உட்கார்ந்தது. டீச்சருக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. வலது காலை எடுத்துவைத்துக் கதவைத் தள்ளினார். உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது.

ஜன்னல் திறந்தது. கொம்பையாவின் பெண்சாதி பாயை வெளியே நீட்டி உதறினாள். அவளுக்குப் பின்னால் கொம்பையா பல் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"நீங்க எதுக்கு உள்ள இருக்கீங்க?" என்றார் டீச்சர்.

பக்கத்தில் நின்ற வெயிலுகந்தானுக்குப் பெருமை தாங்கவில்லை. "பால் காய்ச்சுறது, குடியேறுறது எல்லாம் வேலைதான டீச்சர்? எதையும் சைட்டுக்குப் பாக்கி வைக்கல. ஷெட்லயே முடிச்சிட்டோம்."

"அப்ப நான் எங்க போறது?"

கொம்பையா இளகிய மனசுக்காரன். வாயைக் கொப்பளித்துவிட்டு ஜன்னலுக்கு வந்தான்.

"கவலைப்படாதீங்க டீச்சர். பின்னால ஒரு ரூம் காலியாத்தான் கிடக்கு, வாடகைக்கு விடுறோம். புரட்டாசிக்குள்ள வந்துருங்க."