அண்டாவுக்குள் ஒளிந்த மின்சாரம்

வெயிலுக்குப் பஞ்சமே இல்லாத செங்காட்டூர்ச் சீமையைக் கோட்டைவீரப்பர் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். அவரிடம் யானைப்படை இருந்ததா, குதிரைப்படை இருந்ததா என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. ஆனால் அந்தச் சீமையில் வீட்டுக்கு வீடு மச்சில் சோலார் தகடு இருந்தது. அது நிச்சயம்.

அந்தத் தகடுகள் மேல் கண் வைத்தவர் பிரதானி நல்லபெருமாள். உச்சி வெயிலில் வீட்டுச் செலவு போக மின்சாரம் மிஞ்சுகிறதே, அது குடிகளிடம் கிடந்து என்ன செய்யப்போகிறது என்று ராஜா காதில் ஓதினார். மறுநாளே தண்டோரா போட்டாயிற்று. மிஞ்சுகிற மின்சாரமெல்லாம் கம்பி வழியே அரண்மனைக்கு வரவேண்டும். ஒளித்து வைக்கிறவன் வீட்டுத் தகடு பிடுங்கப்படும்.

சபையில் கெட்டிக்காரன் என்று பேரெடுத்த ஒச்சப்பனும் ஒழுங்காகத்தான் அனுப்பிவந்தான், மகள் பூவாயி தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வரும்வரைக்கும். மார்கழிக் குளிர். பிள்ளை பெற்ற உடம்புக்கு விடியற்காலையில் சுடச்சுட வெந்நீர் ஊற்றவேண்டும். விறகோ பனியில் நனைந்து கிடந்தது. அடுப்பை ஊதி ஊதி அவன் மனைவி வெள்ளத்தாய்க்குக் கண் இரண்டும் கோவைப்பழமாகிவிட்டது. பச்சைப்பிள்ளை புகையில் இருமியது.

"மத்தியானமெல்லாம் நம்ம தலைக்கு மேலேயே ஓடுது. அதுல ஒரு குடம் வெந்நீருக்கு வழி பண்ணத் தெரியலை. சபையிலே மட்டும் பெரிய பேரு" என்றாள் வெள்ளத்தாய்.

ஒச்சப்பனுக்குச் சுருக்கென்றது. பெரிய செப்பு அண்டாவில் தண்ணீர் நிரப்பி, ஹீட்டர் ராடை இறக்கி, மத்தியான மிச்சத்தை அதில் திருப்பிவிட்டான். அண்டாவைச் சுற்றித் தேங்காய்நாரைத் திணித்துச் சாக்கால் இறுக்கிக் கட்டினான். பொழுது சாய்ந்ததும் ராடை எடுத்துவிட்டுப் பலகை போட்டு மூடி, அதன்மேல் ஒரு தவிட்டு மூட்டையையும் தூக்கி வைத்தான். மறுநாள் கோழி கூவும்போது திறந்தால் கை பொறுக்காத சூடு.

பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். அவ்வளவுதான். பத்தே நாளில் தெருவுக்குத் தெரு அண்டாக்கள் சாக்குச் சட்டை போட்டுக்கொண்டன. அரண்மனைக்கு வரும் மின்சாரம் ஆடிமாதத்து அருவி பங்குனியில் மெலிந்த மாதிரி ஆகிவிட்டது.

பிரதானிக்கு மூக்கு வியர்த்தது. ஆள் விட்டு விசாரித்து நேரே ராஜாவிடம் போனார். அரண்மனைச் சொத்தை ஒச்சப்பன் அண்டாவுக்குள் ஒளித்து வைத்திருக்கிறான், ஊரையும் கெடுத்துவிட்டான் என்று வைத்தியர் பட்டியல் மாதிரி வரிசையாகச் சொன்னார். ராஜாவுக்குக் கோபம். ஒளித்து வைத்த மின்சாரத்தை விடிந்ததும் சபைக்குக் கொண்டுவந்து பிரதானி கையில் ஒப்படைக்கவேண்டும், இல்லாவிட்டால் அன்றைக்கே தகடு இறங்கும் என்று உத்தரவாயிற்று. வெள்ளத்தாய் மறுபடி ஊதாங்குழலைத் தேட ஆரம்பித்தாள்.

விடிந்தது. ஒச்சப்பன் சாக்கோடும் நாரோடும் அண்டாவை வண்டியில் ஏற்றி, நாலு பேரைப் பிடிக்கச் சொல்லிச் சபை நடுவில் இறக்கினான்.

"இந்தாங்க பிரதானியாரே. பத்திரமா வாங்கிக்கோங்க."

பிரதானி பலகையைத் தூக்கிப் பார்த்தார். ஆவி முகத்தில் அடித்தது. இது வெறும் தண்ணீர் என்று சீறினார்.

"வெறும் தண்ணின்னா நான் எதையும் ஒளிக்கலை, வழக்கே இல்லை. உள்ளே மின்சாரம் இருக்குன்னா, இதோ கொண்டாந்துட்டேன். ரெண்டில் எதுன்னு நீங்களே சொல்லிடுங்க" என்றான் ஒச்சப்பன்.

சபையில் நாலைந்து பேர் மேல்துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். பிரதானியும் லேசுப்பட்டவர் இல்லை. தண்ணீர் உன்னுடையது, அதை நீயே கொண்டுபோ, அதிலுள்ள மின்சாரத்தை மட்டும் இறக்கி வைத்துவிட்டுப் போ என்று மடக்கினார். ராஜாவும் அதுதான் சரி என்று தலையாட்டினார்.

"உத்தரவு. மூடியைத் திறந்தே வைக்கிறேன். ரெண்டு நாழிகையில் சூடெல்லாம் இறங்கி இந்தச் சபைக்குள்ளே வந்துடும். தண்ணியை நான் எடுத்துக்கிறேன். இறங்கினதைப் பிடிச்சு வைக்கிறது பிரதானியார் பாடு."

"காற்றில் போகிற சூட்டை எப்படியடா பிடிப்பது?" என்றார் பிரதானி.

"என்னங்க இப்படிச் சொல்றீங்க. ஆறு மாசமா ஊரே அனுப்பினதை வாங்கிப் பிடிச்சு வெச்ச கையாச்சே."

ராஜாவுக்கு அப்போதுதான் உறைத்தது. ஆறு மாதமாக வந்த மின்சாரம் எங்கே என்று கேட்டார். பிரதானி தொண்டையைச் செருமினார். மேலே பார்த்தார். கீழே பார்த்தார்.

ஒச்சப்பன் கைகட்டிச் சொன்னான்: "அவரை விரட்டாதீங்க மகாராஜா. மத்தியானம் நீங்க சாப்பிட்டுக் கண்ணயர்ற நேரம், ஆளில்லாத மண்டபத்திலெல்லாம் ஆயிரம் விளக்கு எரியுது. நானாவது அண்டாவுக்குள்ளே ஒளிச்சேன், ஆள் விட்டுக் கண்டுபிடிச்சுட்டாங்க. அவர் வெயிலுக்குள்ளே ஒளிச்சு வெச்சிருக்கார். எந்த ஒற்றனாலே கண்டுபிடிக்க முடியும்?"

ராஜா முறைத்துப் பார்த்தார். அப்புறம் மீசை துடித்தது. அப்புறம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சபை முழுக்கச் சிரித்தது. பிரதானி மட்டும் அண்டாவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அன்றைக்கே உத்தரவு மாறியது. மிஞ்சுகிற மின்சாரம் முதலில் அவரவர் வீட்டு வெந்நீருக்கு. அதற்கும் மிஞ்சினால் அரண்மனைக்கு. ஒச்சப்பனுக்குப் பட்டுச்சால்வையும், பூவாயி பிள்ளைக்கு வெள்ளி அரைஞாணும் கிடைத்தன. அரண்மனைக் குளியலறையிலும் ஓர் அண்டா வைத்து, அதற்கு நார் திணித்துச் சாக்குக் கட்டும் வேலையைப் பிரதானிக்குக் கொடுத்தார் ராஜா.

பிறகு இறங்கி வந்து அண்டாவுக்குள் விரலை விட்டுப் பார்த்தார். இதமான சூடு. அவருக்கும் மார்கழிதானே. எண்ணெய் தேய்த்துக்கொண்டு சாவகாசமாக வருகிறேன், அதுவரை இது இங்கேயே இருக்கட்டும் என்றார்.

"எண்ணெயெல்லாம் நாளைக்குத் தேய்ச்சுக்கலாம் மகாராஜா, இப்பவே ஊத்திக்கோங்க" என்றான் ஒச்சப்பன். "குடிகள் வீட்டில்தான் இது விடியவிடியச் சூடா இருக்கும். அரண்மனைக்குள்ளே வந்த பொருள் எது நின்னிருக்கு?"