புன்னை கடல் பக்கம் சாய்ந்த கதை

அந்தக் காலத்தில், மரமும் மனிதரும் ஒருவருக்கொருவர் பதில் சொல்லிக்கொண்டிருந்த நாட்களில், புன்னை நெட்டுக்குத்தாக வளரும் மரம். நின்றது என்னவோ கடற்கரையில்தான். ஆனால் கடலைத் திரும்பிக்கூடப் பார்க்காது. அதன் கொட்டை அப்போது தேங்காயைவிடத் தித்திப்பு. அணில், கிளி, வௌவால் என்று பொழுதெல்லாம் கிளையில் கூட்டம். அதில் புன்னைக்குப் பெருமை பிடிபடாது.

அதன் பக்கத்துக் குடிசையில் செம்பாயி இருந்தாள். அவள் புருஷன் கோரன் வள்ளத்தில் மீன் பிடிக்கப் போவான். ஆணி இல்லாத காலம். பலகைகளில் துளை போட்டுக் கயிற்றால் தைத்த வள்ளம் அது. துளை வழியே தண்ணீர் கசிந்துகொண்டே இருக்கும், இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். போன காற்றுக்காலத்தில் கோரனின் அண்ணன் இறைத்து மாளாமல் வள்ளத்தோடு போய்விட்டான்.

துளைகளை அடைக்க, சமையலுக்கு வைத்திருந்த தேங்காய் எண்ணெயைச் செம்பாயி தையல் முழுக்கப் பூசினாள். நல்லது என்று செய்ததே வினையாயிற்று. வாசனைக்கு மீன்கள் மொய்த்து, எண்ணெயோடு கயிற்றையும் கொறித்துவிட்டன. நடுக்கடலில் வள்ளம் பலகை பலகையாகப் பிரிந்துபோக, கோரன் ஒற்றைப் பலகையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கரை சேர்ந்தான். வெளியே அவனைத் திட்டினாள், உள்ளே போய் அழுதாள்.

மீன் வாய் வைக்காத கசப்பு எண்ணெய் வேண்டும். கரையில் நின்ற மரங்களை எல்லாம் கேட்டாள். தென்னை கையை விரித்தது. தாழை காது கேட்காததுபோல் இருந்தது. கடைசியில் புன்னையிடம் வந்தாள்.

"நான் கசந்துட்டா என்கிட்ட யாரு வருவா?" என்றது புன்னை.

பொய் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. "யாரும் வர மாட்டாங்க. ஆனா எனக்கு அவரு வரணும்."

மறுநாள் புன்னை வேரைக் கடல் வரை நீட்டி, வயிறு முட்ட உப்புத் தண்ணீர் குடித்தது. கொட்டை எல்லாம் கசந்துபோயிற்று. அணில் துப்பிவிட்டு வாய்க்கு வந்தபடி ஏசியது. கிளிகள் வேறு மரம் தேடிப் போயின. வௌவால் மட்டும் பழகிய தோஷத்துக்கு மேல்தோலைக் கடித்துவிட்டுக் கொட்டையைக் கீழே போட்டது. பாவம் புன்னை, எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றது.

செம்பாயி ஆசையாகக் கொட்டையை உடைத்துப் பருப்பைப் பிழிந்தாள். ஒரு சொட்டு எண்ணெய் இல்லை!

"பாவி நான், உன்னையும் கெடுத்துட்டேனே!" என்று மாரில் அடித்துக்கொண்டாள். பருப்பைத் தூக்கி எறியவும் கை வராமல், அப்படியே மணலில் விட்டுவிட்டாள்.

கரை ஒதுங்கிய பலகைகளைப் பொறுக்கிக் கோரன் வள்ளத்தை மறுபடி தைத்து முடிக்க ஒரு மாதமாயிற்று. "நாளைக்குக் கடலுக்குப் போறேன் புள்ள" என்று அவன் சொன்னதும் அவளுக்குக் குடிசைக்குள் இருப்புக் கொள்ளவில்லை. வெளியே வந்தவள் காலில் ஏதோ பிசுபிசுத்தது. ஒரு மாத வெயிலில் பருப்பெல்லாம் பழுப்பேறி, எண்ணெய் கசிந்து கிடந்தது. அள்ளி வந்து பிழிந்து, ஒரு துளை விடாமல் பூசினாள்.

காலையில் போனவன் பொழுது சாயும் நேரமாகியும் வரவில்லை.

"நீ உசரமா நிக்கிற, கொஞ்சம் பாரேன்" என்றாள் செம்பாயி.

புன்னை முதன்முதலாகக் கடல் பக்கம் தலையைத் திருப்பியது. "ஒண்ணும் காணலியே."

"இன்னும் கொஞ்சம்!"

புன்னை எட்டிப் பார்த்தது. இன்னும் எட்டியது. அடிமரம் முறுக்கிக்கொண்டு நெரிந்தது. வேர் மணலைக் கிழித்துக்கொண்டு மேலே வந்தது. அப்படியும் விடவில்லை.

"வர்றாரு செம்பாயி! இறைக்கல... ரெண்டு கையாலயும் துடுப்பு போட்டு வர்றாரு!"

அவள் மரத்தைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள்.

அன்று முதல்தான் புன்னை கடல் பக்கம் சாய்ந்தே வளர்கிறது. கோரன் கரை ஏறிய பிறகும் அது நிமிரவில்லை. கரையில் எந்த நாளும் யாரோ ஒருத்தியின் புருஷன் கடலில்தானே இருக்கிறான்.