துண்டின் நாடி

தீயணைப்பு வேலைத் தேர்வுக்குப் பயிற்சி கொடுத்தவர் முத்துப்பேச்சி. மைதானத்தில் எல்லோரும் அவரை மாஸ்டர் என்றே கூப்பிட்டார்கள். சீடர்களில் தவசி அவரைவிட மூன்று வயது மூத்தவன். அவனும் மாஸ்டர் என்றான். அவர் அவனை அண்ணே என்றார்.

இந்த வருடம்தான் அவனுக்குக் கடைசி வாய்ப்பு. அடுத்த வருடம் வயது தாண்டிவிடும்.

ஒரு காலை, மற்றவர்கள் ஓடத் தொடங்கிய பிறகு அவன் கேட்டான்.

“மாஸ்டர், ஓடும்போது நெஞ்சுத் துடிப்பு பார்க்கிற கருவி ஒண்ணு வாங்கணும். எது நல்லது?”

“எதுக்குண்ணே?”

“டாக்டர் கவனிச்சுக்கச் சொன்னார்.”

“அப்படியேவா சொன்னார்?”

தவசி ஷூ நாடாவை அவிழ்த்து மறுபடி கட்டினான். போன வருடம் இதே மைதானத்தில் ஓடும்போது அவனுடைய தம்பி விழுந்தான். எல்லோரும் மயக்கம் என்றுதான் நினைத்தார்கள். அவன் எழுந்திருக்கவில்லை.

“நெஞ்சுக்கு எக்கோ ஸ்கேன் எடுக்கணும்னார். கூடப் பிறந்தவனுக்கு இதயத்துல கோளாறு இருந்தா உனக்கும் இருக்கலாம்னார். எடுக்கிறவரைக்கும் ஓடாதேன்னார்.”

“எடுக்க வேண்டியதுதானே?”

“எடுத்து, அதுல ஏதாவது இருந்துட்டா? என்னைச் சேர்க்கவே மாட்டாங்க மாஸ்டர். கருவி இருந்தா நானே பார்த்துக்குவேன். அளவு தாண்டினா நின்னுடுவேன்.”

“நிப்பீங்களா?”

“சத்தியமா.”

முத்துப்பேச்சி ஓடுகிறவர்களை ஒருமுறை பார்த்துவிட்டுத் திரும்பினார்.

“எப்படிப்பட்டது வேணும்?”

“விலை கம்மியா இருக்கணும். பொய் சொல்லக் கூடாது.”

“அப்ப கட்டிப் பார்த்துட்டு வாங்குங்க. யார்கிட்டயாவது இரவல் கேளுங்க.”

மறுநாள் அவன் மூன்று கருவிகளோடு வந்தான். ஒன்று மணிக்கட்டில் கட்டும் பட்டை. பக்கத்து வீட்டுக்காரர் தள்ளுபடியில் வாங்கியது. இரண்டாவது, கொரோனா சமயத்தில் வீட்டுக்கு வீடு வாங்கி வைத்தார்களே, விரலில் மாட்டுவது. மூன்றாவது மார்பைச் சுற்றிக் கட்டும் வார். அது மட்டும் கொஞ்சம் விலை அதிகம். சைக்கிள் பந்தயத்துக்குப் போகும் நண்பனுடையது.

“மூணையும் ஒண்ணா மாட்டுங்க” என்றார் மாஸ்டர். “மார்பு வாரை ஈரம் பண்ணிக் கட்டணும்.”

அவன் குடிதண்ணீரைத் தொட்டுத் தடவிக் கட்டினான். கயிறு ஏறிக்கொண்டிருந்த பெண் ஒருத்தி மேலிருந்தே சிரித்தாள்.

“என்னண்ணே, மாப்பிள்ளை அலங்காரமா?”

“நீ விழாம இறங்கு.”

அவன் ஓடுகோட்டில் போய் நின்றான்.

“ஓட வேண்டாம். ஒரு சுற்று நடந்துட்டு வாங்க. வேகமா” என்றார் மாஸ்டர்.

அவன் நடந்துவிட்டு வந்தான். மணிக்கட்டுப் பட்டை தொண்ணூற்றெட்டு என்றது. விரல் கருவி நூற்று இருபதுக்கும் நூற்று முப்பதுக்கும் நடுவே தடுமாறியது. மார்பு வாரின் எண் செல்போனில் வந்தது. நூற்று எண்பத்தொன்று.

தவசி முதலில் மார்பு வாரைத்தான் கழற்றினான். கழற்றிய வேகத்தில் அது புல்லில் போய் விழுந்தது.

“இது கெட்டுப்போச்சு. கொடுத்தவன் வேர்வையிலேயே ஊற வச்சிருக்கான்.”

“விரல்ல மாட்டினது?”

“கை ஆடினா அது சரியா காட்டாது மாஸ்டர்.”

“அப்ப?”

அவன் மணிக்கட்டை நீட்டினான்.

“இதுதான் கரெக்ட். விலையும் கம்மி.”

“எப்படித் தெரியும்?”

“எனக்கு ஒண்ணும்…” அவன் மூச்சு வாங்கினான். “ஒண்ணும் பண்ணலையே.”

அந்த மைதானத்தில் ஒரு பழக்கம் உண்டு. சுற்று முடித்தவன் கழுத்தில் இன்னொருவர் இரண்டு விரலை வைத்து நாடியைச் சத்தமாக எண்ணுவார். மாஸ்டர் விரல்களை நீட்டினார். தவசி பின்னால் நகர்ந்தான்.

அவர் கையை மடக்கிக்கொண்டார். பிறகு அவன் மணிக்கட்டிலிருந்து பட்டையைக் கழற்றினார். தன் தோளில் கிடந்த துண்டை எடுத்துச் சுருட்டினார். அதைச் சுற்றிப் பட்டையை இறுக்கிக் கட்டி, சிமென்ட் படியில் வைத்தார்.

பட்டையின் பச்சை விளக்கு மினுங்கியது. இருவரும் குனிந்து பார்த்தார்கள்.

எழுபத்தாறு.

கயிற்றிலிருந்து இறங்கியவள் எட்டிப் பார்த்தாள். “அய்யோ, துண்டு நம்மளைவிட ஃபிட்டா இருக்கே!”

தவசி சிரிக்கவில்லை. அவள் அவன் முகத்தைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனாள்.

“வீட்டுல நான் என்ன சொல்லுவேன் மாஸ்டர்?” என்றான். “இந்த வேலைக்காகத்தானே தம்பி செத்தான். நானும் போகலைன்னா, அவன் எதுக்குச் செத்தான்?”

எழுபத்தாறு எழுபத்தேழாகி, மறுபடி எழுபத்தாறானது. மாஸ்டர் துண்டிலிருந்து பட்டையை அவிழ்த்து அவன் பக்கம் வைத்தார். அவன் அதைத் தொடவில்லை.

“அப்ப நான் எதைத்தான் வாங்கட்டும்?”

அவர் எழுந்துபோய்ப் புல்லில் கிடந்த வாரை எடுத்தார். ஒட்டியிருந்த மண்ணைத் தட்டி, அவனிடம் நீட்டினார்.

அவன் அதை வாங்கி இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டான்.

“இதைக் கட்டிக்கிட்டு ஓடலாமா மாஸ்டர்?”

“இதைக் கட்டினா நீங்க ஓட மாட்டீங்கண்ணே.”