வாசப்படிக் கோசு

"எல்லாரையும் கூடத்துக்குள்ளே உட்கார வைக்கிறீங்க. என்னை மட்டும் ஏம்மா வாசப்படியிலயே போட்டு வெச்சிருக்கீங்க?"

சடையாண்டி கேட்டேவிட்டார். ரெண்டு வருஷமாகத் தொண்டையில் நின்ற கேள்வி.

பேருதான் சடையாண்டி. தலையில் ஒரு முடி கிடையாது. அதனாலேயே குரங்குக் குல்லாயைக் கழற்றாத மனுஷர். கொடைக்கானலுக்கு மேலே ஒரு மலையூரில் காலிபிளவர் போட்டுப் பிழைத்தவர், தோட்டத்தை மகனிடம் விட்டுவிட்டுப் பக்கத்து மலையில் இருந்த இந்த மடத்துக்கு வந்து சேர்ந்தார்.

மடத்துக் குரு தெய்வானையம்மாவுக்கு அவருடைய மகள் வயசு. வாய் நிறைய "அண்ணே" என்றுதான் கூப்பிடுவார். ஆனால் விடியக்காலையில் பாட்டும் பேச்சும் நடக்கும்போது, மற்றவர்களுக்கெல்லாம் உள்ளே கம்பளி, அண்ணனுக்கு மட்டும் வெளிப்படி.

காற்று சும்மா விடுமா? உள்ளே இருப்பவர்கள் கதவை வேறு சாத்திக்கொள்வார்கள். இவர் கதவில் காதை வைத்துக் கேட்பார்.

தெய்வானையம்மா உள்ளே போய் ஒரு கூடை நாற்றைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தார்.

"கோசு நாத்தா?"

"திங்கிறதுக்கு இல்லண்ணே, அழகுக்கு. தை மாசக் குருபூசைக்கு வாசல்ல நிறம் வேணும். செவ்வந்தி வெச்சா பனியில கருகிப்போகுது. இதுல நிறம் கொண்டுவாங்க. அன்னைக்கே உள்ளே வந்து உட்காருங்க."

சடையாண்டிக்குச் சிரிப்பு வந்தது. கோசுக்காரனிடம் போய்க் கோசு வளர்க்கச் சொல்கிறாரே! அப்போதே கம்பளியில் உட்கார்ந்துவிட்ட மாதிரி இருந்தது அவருக்கு.

பழைய பெயிண்ட் டப்பா, எண்ணெய் டின், வாய் உடைந்த குடம் எல்லாம் சேர்த்தார். அடியில் ஆணியால் ஓட்டை போட்டார். மண்ணும் மக்கின சாணமும் கலந்து, கீழ் இலை மண்ணைத் தொடுகிற மாதிரி நட்டார். புழுவை விரலாலேயே பொறுக்கிப் போட்டார்.

செடிகள் தட்டுத் தட்டாக விரிந்தன. இலை ஓரமெல்லாம் பாவாடைச் சுருக்கம் மாதிரி சுருள் சுருளாக வந்தது.

நிறம் மட்டும் வரவில்லை. பச்சை. அத்தனையும் பச்சை.

கார்த்திகையில் குளிர் இறங்கியதும் அவருக்குப் பயம் பிடித்தது. ஒவ்வொரு டப்பாவாகத் தூக்கிக்கொண்டுபோய் அடுப்பங்கரையில் வைத்தார். அதோடு விட்டாரா? காலிபிளவர் பூ மஞ்சளடிக்காமல் இருக்க இலைகளைக் கூட்டிக் கட்டுவது அவர் ஊர் வழக்கம். பழகின கை சும்மா இருக்கவில்லை. இந்தக் கோசுகளையும் வாழைநாரால் உச்சியில் சேர்த்துக் கட்டிவிட்டார்.

மடத்தில் சமைக்கிற பேச்சியம்மா பார்த்துவிட்டுக் கரண்டியோடு நின்றாள்.

"என்னண்ணே, ஒவ்வொண்ணும் குடுமி போட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்கு?"

"உனக்கென்ன தெரியும்? உள்ளுக்குள்ள நிறம் கூடும்."

"கூடட்டும், கூடட்டும். எனக்குக் கால் வைக்க இடமில்ல. ரெண்டை நறுக்கிப் பொரியல் பண்ணிடவா?"

"தொட்டுப் பாரு, தெரியும்!"

"யாத்தே! பெத்த மகனுக்குக்கூட நீங்க இப்படிக் காவல் இருந்திருக்க மாட்டீங்க."

மார்கழி பிறந்தது. ஆசை ஆசையாக ஒரு கட்டை அவிழ்த்துப் பார்த்தார். உள்ளே வெளுத்த பச்சை. தண்டு வேறு கொக்குக் கழுத்தாக நீண்டிருந்தது.

நேரே தெய்வானையம்மாவிடம் போனார்.

"அம்மா, நர்சரிக்காரன் ஏமாத்திட்டான். இது நிறம் வர்ற சாதியே இல்ல."

"எங்கே வெச்சிருக்கீங்க?"

"அடுப்புக்கிட்ட. நல்லா கதகதப்பா."

தெய்வானையம்மா அடுப்பங்கரைக்கு வந்தார். பேச்சியம்மாவின் கத்தியை வாங்கி ஒவ்வொரு கட்டாக அறுத்தார். பிறகு ஒரு பெயிண்ட் டப்பாவைப் பிள்ளையைத் தூக்குவதுபோல இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு வெளியே நடந்தார்.

வாசப்படியில், சடையாண்டி உட்காருகிற அதே இடத்துக்குப் பக்கத்தில் வைத்தார்.

"அம்மா! இங்கேயா? பனி கொன்னுபுடும்மா!"

"உங்களைக் கொன்னுச்சா?"

சடையாண்டி அடுப்பங்கரைக்குத் திரும்பி நடந்தார்.

மீதி டப்பாக்களையும் அவரே தூக்கிவந்தார். மறுநாள் காலை இலைகளின்மேல் உப்பைத் தூவினாற்போல உறைபனி. சடையாண்டி தன் குல்லாயைக் கழற்றி, இருப்பதிலேயே சின்னச் செடிக்குப் போட்டுவிட்டார். பேச்சியம்மா பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். தெய்வானையம்மா வந்து, பேசாமல் அதை எடுத்துக்கொண்டு போனார்.

அப்புறம் தினமும் அவரும் செடிகளும் ஒரே படியில், ஒரே பனியில்.

ஒரு காலை, கதவில் காதை வைக்கப் போனவர் பாதியில் நின்றார். சின்னச் செடியின் நடுவில், குங்குமத்தை விரலால் தொட்டு வைத்தாற்போல ஒரு புள்ளி.

"ஏ பேச்சி! ஓடி வா! ஓடி வா!"

பனி ஏற ஏறப் புள்ளி படர்ந்தது. ஒன்று ரோஸ். ஒன்று பால் வெள்ளை. ஒன்று கத்தரிப்பூ நிறம். ஒவ்வொரு டப்பாவும் ஒரு ஆள் சிரிக்கிற மாதிரி விரிந்து நின்றது.

குருபூசை அன்றைக்கு ஊரே பூசைத் தட்டோடு ஏறி வந்தது. வந்தவர்கள் வாசப்படியைத் தாண்டவில்லை.

"இது என்ன சாயம்ணே?"

"தொட்டுப் பாரு. கையில ஒட்டுதா?"

"ஒட்டலியே!"

"அப்ப வாயை மூடிட்டுப் பாரு."

சத்தம் கேட்டுக் கூடத்தில் இருந்தவர்கள் கதவைத் திறந்தார்கள். ஒருவர் வந்தார். கம்பளியோடு இன்னொருவர் வந்தார். பிறகு அத்தனை பேரும் வந்து படிகளில் நெருக்கியடித்து உட்கார்ந்துவிட்டார்கள். பாட்டு அங்கேயே தொடங்கியது.

"அண்ணே, குல்லாய் எங்கே?" என்று பேச்சியம்மா கத்தினாள்.

சடையாண்டி தலையைத் தடவிப் பார்த்தார். கேட்டு வாங்கவே மறந்துபோயிருந்தது.

கடைசியாகத் தெய்வானையம்மா வந்து கதவோரம் நின்றார்.

"சடையண்ணே, சொன்ன சொல் சொன்னதுதான். உள்ளே வாங்க."

சடையாண்டி எட்டிப் பார்த்தார். கூடம் காலி.

பக்கத்தில் இருந்த பெயிண்ட் டப்பாவைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு நகர்ந்து உட்கார்ந்தார்.

"நீங்க வாங்கம்மா. இங்கே இடம் இருக்கு."