அறுபத்து நான்கு முகங்களும் ஒரு அட்டையும்

"என் பொண்ணுக்கு முகத்தைப் பாத்துப் புரிஞ்சுக்கத் தெரியலை," என்றார் டிராயிங் மாஸ்டர் சங்கரலிங்கம்.

"யாரு முகத்தை, சார்?" என்று கேட்டாள் ஸ்டெல்லா.

"யாரு முகத்தையும்தான்."

மாஸ்டருக்கு வயது ஐம்பத்தொன்று. தென்காசியில் இருபத்தாறு வருடமாகப் பிள்ளைகளுக்கு ஓவியம் சொல்லிக்கொடுக்கிறார். ஸ்டெல்லாவுக்கு இன்னும் முப்பது ஆகவில்லை. ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் மனதில் இருப்பதைச் சொல்ல வழி தேடிக்கொடுப்பது அவள் வேலை. சைக்கிள் கடைக்கு மேலே இரண்டு அறை, ஒரு பாய், ஒரு மேஜை. அவளுடைய இடம் அவ்வளவுதான்.

ஒரு காலத்தில் அவரிடமே படித்தவள் அவள். ஓவியத்தில் நூற்றுக்குப் பதினெட்டு. அவள் வரைந்த பானையைத் தூக்கிக் காட்டி, "இது பானையா, லாரி ஏறின பானையா?" என்று வகுப்பே சிரிக்கக் கேட்டவர் இவர். இன்றைக்கு அவள் முன்னால் வந்து உட்கார வேண்டியிருக்கிறதே என்று அவருக்கு உள்ளுக்குள் புகைந்தது.

ஆனால் வேறு வழியில்லை.

மகள் வடிவுக்கு எட்டு வயது. பேச மாட்டாள். மூன்றாம் வகுப்பில் டீச்சரை இரண்டு தடவை கடித்துவிட்டாள், கூடப் படிக்கிற பிள்ளையை ஒரு தடவை. தலைமையாசிரியை கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்.

"காலாண்டு லீவு முடிஞ்சு வரட்டும். இன்னொரு தடவை கடிச்சா வீட்டிலேயே வச்சுக்கோங்க. எந்த அறிகுறியும் இல்லாம திடீர்னு கடிக்கிறா. நாங்க என்ன செய்ய முடியும்?"

லீவு பத்து நாள்.

மாஸ்டர் பையைத் திறந்து மேஜை முழுக்க அட்டைகளைப் பரப்பினார். சந்தோஷம், கோபம், பயம், வெட்கம், ஏமாற்றம் என்று அறுபத்து நான்கு முகங்கள். வாட்டர் கலரில் வரைந்து லேமினேட் செய்தவை. ஆறு மாத உழைப்பு.

"தினம் ஒரு மணி நேரம் காட்டுதேன். ஏறெடுத்தும் பாக்க மாட்டேங்கா. ஓரத்தைத் தடவிப் பாக்கா, அம்புட்டுதான்."

ஸ்டெல்லா ஒவ்வொன்றாக எடுத்து நிதானமாகப் பார்த்தாள்.

"ரொம்ப நல்லாயிருக்கு, சார். இந்தக் கோபம் யாரு?"

"செங்கோட்டை பஸ் கண்டக்டர்."

"இந்தச் சோகம்?"

"என் வீட்டுக்காரி."

"இதுல வடிவு எங்க?"

மாஸ்டர் தேடினார். இரண்டு தடவை தேடினார்.

"அவ முகத்துல ஒண்ணும் தெரியாதும்மா. அதுக்குத்தானே இவ்வளவு பாடு."

ஸ்டெல்லா அட்டைகளைக் கவிழ்த்து வைக்கத் தொடங்கினாள். ஒன்று, இரண்டு என்று அறுபத்து நான்கையும் கவிழ்த்தாள். மாஸ்டர் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்திருந்தார்.

பிறகு ஒரு வெள்ளை நோட்டை அவர் பக்கம் தள்ளினாள்.

"லீவு முடியுத வரைக்கும் வடிவை வரைங்க, சார். முகம் மட்டும் வரையக் கூடாது."

"முகம் இல்லாம என்னத்தை வரைய?"

ஸ்டெல்லா ஒரு பென்சிலை எடுத்து நோட்டின் மேல் வைத்தாள்.

*

"பதினெட்டு மார்க் எனக்கு டிராயிங் சொல்லித்தருது," என்று வீட்டில் பொருமினார்.

"வரைஞ்சுதான் பாருங்களேன். கை தேய்ஞ்சா போயிரும்?" என்றாள் மனைவி பிரமு.

வரைந்தார். வேண்டாவெறுப்பாகத்தான். ஆனால் பென்சில் கைக்கு வந்துவிட்டால் அவருக்கு ஏனோதானோவென்று வரைய வராது.

நான்காம் நாள் நோட்டோடு வந்தார். கை, கால், முழங்கை, முதுகு, சடை.

"என்ன தெரிஞ்சுது, சார்?"

"கையும் காலும் தெரிஞ்சுது."

"படத்துக்குக் கீழ மணி போடுங்க. அதுக்கு முன்னால என்ன நடந்துதுன்னு ஒரு வரி எழுதுங்க."

"நான் டிராயிங் மாஸ்டரும்மா. போலீஸ் ஸ்டேஷன் ரைட்டர் இல்ல."

ஸ்டெல்லா சிரித்தாள். 

*

ஏழாம் நாள் அவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் மாடியேறி வந்தார்.

"இதைப் பாரு. மிக்சி ஓடுது, பெருவிரல் உள்ளங்கைக்குள்ள போயிட்டு. மத்த நாலு விரலும் மேல மூடிட்டு. இங்க பாரு, என் மதினி வந்து கன்னத்தைக் கிள்ளுதா. பெருவிரல் உள்ள. இது நேத்து, தலை சீவும்போது. பெருவிரல் உள்ள, கால் விரலும் மடங்கிட்டு."

"அப்புறம்?"

"எப்பவும் ம்ம்ம்னு முனகிக்கிட்டே இருப்பாள்லா, அது நின்னுட்டு. அதுக்கப்புறம்தான் கடிக்கா. வாட்ச்சை வச்சுப் பாத்தேன். முழுசா ரெண்டு நிமிஷம் இருக்கும்மா! அறிகுறியே இல்லைன்னாங்களே!"

ஸ்டெல்லா நோட்டைப் புரட்டினாள். ஒரு பக்கம் மூலையில் மடக்கப்பட்டிருந்தது.

"இது என்ன, சார்?"

மாஸ்டர் தயங்கினார்.

அந்தப் பக்கத்தில் ஒரு சின்னக் குதிகால் மட்டும் இருந்தது. அதற்கடுத்த பக்கத்திலும் அதே குதிகால். கீழே இரண்டிலும் ஒரே நேரம். சாயங்காலம் ஐந்தரை.

"குதிகாலால தரையைத் தட்டுதா. டொக், டொக்னு. ஊஞ்சல்ல உக்காரும்போது தட்டுதா. அப்பளம் பொரிக்கிற வாசனை வந்தா தட்டுதா."

"அஞ்சரைக்கு என்ன நடக்கு?"

"நான் டீ குடிச்சிட்டு வந்து வண்டிக்கு ஸ்டாண்டு போடுவேன்."

ஸ்டெல்லா நோட்டை அவர் பக்கம் திருப்பினாள்.

"உள்ள நுழைஞ்சதும் அவ முகத்தைத்தான் பாப்பேன். அது கல்லு மாதிரி இருக்கும். இந்த வாரம்தான் காலைப் பாத்தேன். எட்டு வருஷமா, நான் வந்தாலும் ஒண்ணுதான் வராட்டாலும் ஒண்ணுதான் இவளுக்குன்னு நெனச்சுக்கிட்டிருந்தேம்மா."

வாய்விட்டு அழுதார். அவருக்கே வெட்கமாக இருந்தது. ஆனாலும் நிறுத்த முடியவில்லை. இவ்வளவு சந்தோஷத்தை ஒரு மனிதன் எட்டு வருடம் தாண்டித் தாண்டி நடந்திருக்கிறான் என்றால் அழத்தான் வேண்டும்.

அழுது முடிக்கும்வரை ஸ்டெல்லா காத்திருந்தாள்.

"ரெண்டு நிமிஷம் இருக்குன்னீங்கள்லா. அந்த ரெண்டு நிமிஷத்துல வடிவு என்ன செய்யணும், சார்?"

"எனக்குப் பிடிக்கலைன்னு சொல்லணும்."

"எதை வச்சுச் சொல்லுவா?"

அந்தக் கேள்விக்காகவே வந்தவர்போல மாஸ்டர் பையில் கைவிட்டார். ஐந்து அட்டைகள். சோறு, தண்ணீர், பாத்ரூம், ஊஞ்சல், அப்பளம்.

"இதெல்லாம் எப்பவோ செஞ்சாச்சு. பீரோவுல பத்திரமா வச்சிருக்கேன். சாவி என் இடுப்புலயே இருக்கும்."

"வேண்டாம்னு சொல்லுத அட்டை?"

"அது எதுக்கு? அதைக் கையில கொடுத்தா எல்லாத்துக்கும் வேண்டாம்னு சொல்லிருவாளே!"

ஸ்டெல்லா எழுந்து பிளாஸ்க்கை எடுத்துவந்தாள்.

"காப்பி குடிங்க, சார். ஒரே ஒரு விஷயம். இனிமே நீங்க பேசக் கூடாது. இந்த அஞ்சு அட்டைதான் உங்க வாய்."

மாஸ்டர் தோளைக் குலுக்கினார். ஒரு டம்ளர் குடித்தார். நன்றாகவே இருந்தது.

இரண்டாவது டம்ளர் ஊற்றினாள். மரியாதைக்குக் குடித்தார்.

மூன்றாவது ஊற்றினாள். தலையை ஆட்டினார்.

"தலையாட்டக் கூடாது. வடிவு ஆட்ட மாட்டாள்லா."

மாஸ்டர் அட்டைகளைப் பார்த்தார். தண்ணீர் அட்டையைக் காட்டினார்.

"தண்ணியா? தாராளமா." தண்ணீர் வந்தது. காப்பியும் அங்கேயே இருந்தது.

பாத்ரூம் அட்டையைக் காட்டினார்.

"அந்தப் பக்கம், சார். போயிட்டு வந்து குடிங்க."

போய்விட்டு வந்தார். ஸ்டெல்லா டம்ளரைக் கையில் ஏந்தி நின்றாள். "ஒரே ஒரு வாய், சார். நல்ல பிள்ளைல்லா." டம்ளர் அவர் உதட்டருகே வந்தது. இன்னும் அருகே வந்தது.

மாஸ்டர் அவள் கையைத் தட்டிவிட்டார். டம்ளர் உருண்டது. ஆறின காப்பி மேஜையெல்லாம் ஓடியது.

"கடிக்கத்தான் பாக்கி, சார்," என்றாள் ஸ்டெல்லா.

மாஸ்டர் தன் கையைப் பார்த்தார். பெருவிரல் உள்ளே இருந்தது.

பிறகு ஒரு வெற்று அட்டையை எடுத்தார். சிவப்பில் ஒரு விரிந்த உள்ளங்கை வரைந்து, அடியில் 'வேண்டாம்' என்று எழுதினார். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. அதில் முகம் கிடையாது.

"அவ இதைக் கொடுத்தா அந்த நிமிஷமே நிப்பாட்டணும், சார். முதல்ல நீங்களும் வீட்டம்மாவும் இதை வச்சுப் பேசிக்கோங்க. அவ பாக்கட்டும்."

"மருந்து கொடுக்கும்போது வேண்டாம்னா?"

"மருந்து மருந்துதான். 'நீ வேண்டாம்னது எனக்குக் கேட்டுச்சு, ஆனா இது மட்டும் வேணும்'னு சொல்லிட்டுக் கொடுங்க. ஆனா எல்லாத்தையும் மருந்தாக்கிராதீங்க."

மாஸ்டர் இடுப்பிலிருந்த வளையத்தைக் கழற்றினார். பீரோ சாவியை உருவிவிட்டு, அட்டையில் துளையிட்டு அதில் கோத்தார்.

*

அட்டையை முதலில் பயன்படுத்தியது பிரமு.

அன்று ராத்திரிச் சாப்பாட்டில், மாஸ்டர் மாவட்டக் கண்காட்சியில் தாம் முதல் பரிசு வாங்கின கதையைத் தொடங்கினார். அந்தக் கதை அந்த வீட்டுச் சுவருக்கும் மனப்பாடம். பிரமு அட்டையை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

மாஸ்டர் திறந்த வாயை மூடினார்.

வடிவு அப்பளத்தைக் கடிப்பதை விட்டுவிட்டு அட்டையைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். மறுபடி அட்டையைப் பார்த்தாள்.

மறுநாள் காலை தலை சீவும்போது ஒரு சடை முடிந்தது. அடுத்ததற்குச் சீப்பை வைத்ததும் பெருவிரல் உள்ளே போனது. முனகல் நின்றது. பிரமு தன் கையை இழுத்துக்கொள்ளத் தயாரானாள்.

வடிவு பாவாடைப் பட்டியில் தொங்கிய அட்டையை எடுத்துச் சீப்பின் மேல் வைத்தாள்.

பிரமு சீப்பைக் கீழே போட்டாள். அன்று முழுக்க வடிவு ஒரு பக்கம் சடையும் மறுபக்கம் விரித்த கூந்தலுமாகத் திரிந்தாள். அந்த வீட்டில் யாருக்கும் கடி விழவில்லை.

*

பள்ளி திறந்த அன்று மூவரும் தலைமையாசிரியை அறையில் நின்றார்கள். வகுப்பு டீச்சர் ஜோதி முழுக்கை ரவிக்கை போட்டுக்கொண்டு கதவோரமாக நின்றாள்.

"வா வடிவு," என்று தலைமையாசிரியை எழுந்து வந்தார். நல்ல மனசுதான். குழந்தையின் தாடையைப் பிடித்து நிமிர்த்தினார். "மிஸ்ஸைப் பாரு. குட்மார்னிங் சொல்லு பாப்போம்."

முனகல் நின்றது.

மாஸ்டர் மகளின் கையைப் பார்த்தார். பெருவிரல் உள்ளே போயிருந்தது. ஆனால் அவர் நகரவில்லை. அவளுடைய இரண்டு நிமிடத்தை அவளுக்கே விட்டுவைத்தார்.

வடிவு அட்டையை எடுத்துத் தலைமையாசிரியையின் மணிக்கட்டில் வைத்தாள்.

"இது என்ன?"

"நிறுத்தச் சொல்லுதா, மேடம்."

அவர் கையை எடுத்தார். ஒரு மூச்சு, இரண்டு மூச்சு. பிறகு ம்ம்ம் என்று முனகல் மறுபடி தொடங்கியது.

மாஸ்டர் நோட்டை ஜோதியிடம் நீட்டினார். அவள் புரட்டினாள். மூடின விரல்களில் அவள் கண் நின்றது.

"ரெண்டு தடவையும் கை இப்படித்தான் இருந்துது," என்றாள் மெதுவாக. "நான் பென்சில் பிடிக்க வைக்கணும்னு விரலைப் பிரிச்சேன், மேடம்."

தலைமையாசிரியை நோட்டை வாங்கிப் பார்த்தார்.

"இந்த அட்டை தினமும் வருமா?" என்று கேட்டார் தலைமையாசிரியை.

"அவ கூடவே இருக்கும், மேடம்."

"அப்போ அவளும் தினமும் வரட்டும்."

*

அடுத்த வாரம் மாஸ்டர் மறுபடி மாடியேறி வந்தார். செருப்பை ஒழுங்காக வெளியே கழற்றிவிட்டு, ஸ்டெல்லா உட்காரச் சொன்ன பிறகே உட்கார்ந்தார்.

"என்கிட்டயே வேண்டாம்னுட்டா, மிஸ்."

"எதை, சார்?"

"அந்த அறுபத்து நாலு முகத்தை. நேத்து ஆசையா எடுத்துப் பரப்பினேன். முதல் முகத்து மேலயே அட்டையைத் தூக்கி வச்சிட்டா."

"நீங்க என்ன செஞ்சீங்க?"

"எல்லாத்தையும் கவிழ்த்தேன்."

"ஆறு மாச உழைப்பாச்சே. வருத்தமா, சார்?"

மாஸ்டர் முகத்தைப் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை.

மேஜைக்கு அடியில், அவர் குதிகால் பக்கமிருந்து டொக், டொக் என்று சத்தம் வந்தது.