கழுகுமூக்குச் சிகரம் காணாமல் போன கதை

குறுக்கே பேச விரும்புகிறவர்கள் தாராளமாகப் பேசலாம், பதில் சொல்ல நான் தயார். மலைகளுக்கு எல்லை போடாத காலத்தில் வில்லவராயன் என்று ஒரு ராஜா இருந்தான். அவன் நாட்டின் மேற்கே ஒரு பெருங்காடு. காட்டின் நடுவே கழுகின் மூக்கைப் போல வளைந்த சிகரம். கழுகுமூக்கு என்றே அதற்குப் பெயர்.

ராஜாவுக்குத் திடீரென்று அந்தச் சிகரத்தின்மேல் அக்கறை பிறந்துவிட்டது.

"இனி இது காவல் காடு. ஒரு மரத்தையும் வெட்டக்கூடாது. வெளியிலிருந்து ஒரு கூழாங்கல்கூட உள்ளே வரக்கூடாது. சிகரத்தைச் சுற்றி மதில் எழுப்புங்கள்!" என்றான்.

வெளிக்கல் வரக்கூடாது என்றால் மதிலுக்குக் கல் ஏது? சேவகர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். எதிரிலேயே சிகரம் இருந்தது. உடைத்தார்கள்.

மதில் எழுந்தது. வரையாடு தாண்டிவிட்டது. இன்னும் உயர்த்து என்றான் ராஜா. உடைத்தார்கள், உயர்த்தினார்கள். குரங்கு தாண்டிவிட்டது. உடைத்தார்கள், உயர்த்தினார்கள். காக்கை தாண்டிவிட்டது. காக்கைக்கு எத்தனை உயரம் மதில் கட்டுவது என்று ஒருவனாவது கேட்டானா? கேட்கவில்லை. உடைத்தார்கள், உயர்த்தினார்கள்.

வேலை முடிந்ததும் ராஜா ஏணி வைத்து ஏறி உள்ளே எட்டிப் பார்த்தான். வெறும் தரை.

"என் சிகரத்தைத் திருடியது யார்?"

அந்தக் காட்டில் குடியிருந்தவள் தேனெடுக்கும் கொம்பாயி ஒருத்திதான். அவளையும் அவள் பிள்ளைகளையும் இழுத்து வந்தார்கள்.

"திருடி! பொழுது சாய்வதற்குள் சிகரத்தைக் கொடு. இல்லாவிட்டால் பிள்ளைகளோடு காட்டைவிட்டு ஓடு!"

"நல்லா இருக்கே நியாயம்! என் தேன்கூடையில தேடிப் பாருங்க சாமி" என்றாள் கொம்பாயி.

தேடினார்கள். நிஜமாகவே தேடினார்கள்!

"இல்லையா? சரி, இந்த மதிலுக்கு வெளியில இருந்து கல்லு வந்துச்சா?"

"என் ஆணையை மீறி எப்படி வரும்?"

"அப்ப, வானத்துல இருந்து விழுந்துச்சா?"

ராஜா மதிலைத் தடவிப் பார்த்தான். முகம் மலர்ந்தது.

"அடடே, இதுதான் என் சிகரமா! பத்திரமாகத்தான் இருக்கிறது. உடனே இதைச் சுற்றி ஒரு மதில்..."

மந்திரி அன்றுதான் முதன்முதலாக வாய் திறந்தார். "கல் தீர்ந்துவிட்டது, மகாராஜா."

ராஜா முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு கிளம்பினான். கொம்பாயி விடவில்லை, வழியை மறித்து நின்றாள்.

"திருடின்னீங்களே, அந்தச் சொல்ல எடுத்துக்கிட்டுப் போங்க."

எடுத்துக்கொண்டுதான் போனான்.

ஒன்றைக் காக்கப் புறப்படுகிறவர், முதலில் அதைத் தம் கையிடமிருந்து காக்க வேண்டும்.