சுழி கெட்ட செவலையும் வெள்ளிச் சேணமும்

ஒரு ஊர்ல ஒரு மிராசுதார், பேரு பெத்தணசாமி. அவருக்கு ஒரு குதிரை, பேரு செவலை. அந்தக் குதிரைக்கு ஒரு முதுகு. முதுகு ஒண்ணு இருக்குங்கறதுதான் அவருக்குத் தெரியாது. நீ ம் கொட்டிக்கிட்டே வா.

அறுப்பு முடிஞ்சா மிராசு குதிரையில ஏறி ஊர் எல்லையைச் சுத்தி வரணும், அது அந்த ஊர் வழக்கம். சேணம் அவரு தாத்தாவோடது. ஓரமெல்லாம் வெள்ளிப் பூ. தாத்தா குதிரை ஒல்லி, செவலைக்கோ அகலமான முதுகு. சேணம் ரெண்டு பக்கமும் கவ்விப் பிடிச்சுது. அப்போ குதிரையைப் பாத்துக்கிற மீரான் ராவுத்தர் சொன்னாரு, இது பத்தாதுங்க, கடிக்குதுன்னு. மிராசுக்கா தெரியாது? அடியில மெத்தை வச்சா சரியாயிடும்னாரு.

இறுக்கமான செருப்புக்குள்ள துணியைத் திணிச்சா செருப்பு பெரிசாகுமா, இன்னும் இறுகுமா? நீ சொல்லு. ஆங், உனக்கு ஆறு வயசு, உனக்குத் தெரியுது. அவருக்கு அம்பது.

முதல்ல இலவம்பஞ்சு மெத்தை வச்சாங்க. ஏறினாரு. சர்ர்ர்னு மெத்தையோட வழுக்கி முள்ளு வேலியில போய் உக்காந்தாரு. பஞ்சு சரியில்லைன்னாரு. அப்புறம் கம்பளியை நாலா மடிச்சு வச்சாங்க. செவலை ரெண்டு எட்டு வச்சுது, பின்னங்காலைத் தூக்கி ஒரு உதறு, தொப்புன்னு சாணிக்குழி. கம்பளி சரியில்லைன்னாரு. மூணாவது என்ன பண்ணினாரு தெரியுமா? மெத்தை, கம்பளி, மாப்பிள்ளை சாஞ்சுக்கிற வெல்வெட்டுத் திண்டு, எல்லாத்தையும் அடுக்கி, வார் போட்டு இறுக்கி, ஏணி வச்சு ஏறினாரு. அவ்வளவு புத்தி. டமார். இந்தத் தடவை இடுப்பு பிடிச்சுக்கிச்சு.

மீரான் எல்லாத்தையும் உருவிப் பாத்தா, நடு முதுகுல உள்ளங்கை அகலத்துக்குப் புண்ணு. அவரு அழுதுட்டாரு. எனக்கும் சொல்லும்போதே பத்திக்கிட்டு வருது.

மிராசு புண்ணைப் பாத்தாரா? இல்லையே. ரோமச் சுழியை வச்சு குதிரைக்கு ராசி பாக்குற ஆளைக் கூப்பிட்டாரு. அந்தப் பெரிய மனுசன் குதிரையைத் தொடக்கூட இல்ல, கழுத்து ரோமத்தைத் தூரத்துல இருந்தே பாத்துட்டு, சுழி கெட்ட குதிரைன்னுட்டாரு. மிராசு ஊரைக் கூட்டினாரு. இது என் வாசல்ல நின்னா ஊருக்கே ஆகாது, காட்டுல கொண்டுபோய் விட்டுடுங்கன்னாரு. புண்ணோட காட்டுல விட்டா என்ன ஆகும்? நரி தின்னுடும்.

அப்போ மீரான், எனக்கே குடுத்துடுங்கன்னு கேட்டாரு. கொண்டு போன்னு கையை உதறினாரு மிராசு.

மீரான் புண்ணு ஆறுற வரைக்கும் அது மேல ஒரு துணிகூடப் போடல. மஞ்சளும் வேப்பெண்ணெயும் தடவினாரு. அப்புறம் கனமான கம்பளியில ரெண்டு நீளத் திண்டு தைச்சாரு, முதுகெலும்புக்கு அந்தப் பக்கம் ஒண்ணு, இந்தப் பக்கம் ஒண்ணு. நடுவுல காத்து போற மாதிரி சந்து. கை விட்டுப் பாத்தாரு, கை சுளுவாப் போய் வந்துச்சு. மேல ஒரு தோலைக் கட்டினாரு. வெள்ளியும் இல்ல, பூவும் இல்ல.

மறு வருசம் எல்லை சுத்துற நாள். மிராசுகிட்ட குதிரை இல்ல. ஊர்க்காரங்க மீரானைக் கூப்பிட்டாங்க. டக்கு டக்கு டக்குனு செவலை தலையை ஆட்டிக்கிட்டு முழு எல்லையும் சுத்தி வந்துச்சு. ஒரு உதை கிடையாது.

மிராசு எல்லார் முன்னாடியும் வந்து, "என் குதிரையைத் திருப்பிக் குடு" ன்னாரு. கையோட தாத்தா சேணத்தையும் தூக்கிட்டு வந்திருந்தாரு, பாத்துக்கோ.

மீரான் கீழ இறங்கி, கையைக் கட்டிக்கிட்டு, ரொம்பப் பணிவாச் சொன்னாரு.

"குடுத்துடலாம் எஜமான். ஆனா இது உங்க வாசல்ல நின்னா ஊருக்கே ஆகாதுன்னு நீங்கதானே ஊரைக் கூட்டிச் சொன்னீங்க. ஊருக்கு ஒண்ணு ஆனா நீங்க தாங்குவீங்களா?"

ஊரே அவரைப் பாத்துச்சு. மிராசு சேணத்தைத் தூக்கிக்கிட்டு வீட்டுக்கு நடந்தாரு. செவலை மீரான் பின்னாடி போச்சு. கயிறுகூடப் பிடிக்கல அவரு.

சொல்ல வேண்டியது அவ்வளவுதான். ம் சத்தம் நின்னு போச்சே... சரி, தூங்கு கண்ணு.